வேலை தெரிந்த அன்பு



என்னை அறிமுகம் செய்த அண்ணன், "இவர் முப்பது வருஷம் தொழுநோய் மருத்துவமனையில் வேலை பார்த்தார், அதோடு ஊழியமும் செய்தார்" என்றார். பிரியத்தில் சொன்ன வார்த்தை. ஆனால் அந்த 'அதோடு' என்ற ஒரு சொல்லில் இருந்துதான் இன்றைய பேச்சை நான் தொடங்க வேண்டியிருக்கிறது. அது முப்பது வருஷமாக என் கூடவே வந்துகொண்டிருக்கிற சொல்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தேன். திருநெல்வேலிப் பக்கம் ஒரு பனங்காட்டுக் கிராமம். வீட்டு ஜெபக்கூட்டம் முடிந்து காப்பி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். உறவில் பெரியப்பா முறையான ஒருவர் என்னைப் பக்கத்தில் அழைத்து, "தம்பி, இப்ப என்ன செய்யுத?" என்று கேட்டார். "ஆஸ்பத்திரியில புண்ணுக்குக் கட்டுப் போடுதேன் பெரியப்பா. மடங்கிப்போன விரலுக்குப் பயிற்சி குடுக்கேன்" என்றேன். "அது வேலைல்லா. ஊழியம் என்ன செய்யுத?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. பேசாமல் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

ஊழியம் என்பது பழைய சொல். திருவிதாங்கூர்ச் சீமையில் கூலி கொடுக்காமல் வாங்கிய கட்டாய வேலைக்கு அதுதான் பெயர். பனையேறுகிறவர்களும் வயல்வேலை செய்கிறவர்களும் அழைத்த நேரத்துக்குப் போய், சொன்ன சுமையைத் தூக்கி, வெறுங்கையோடு வீடு திரும்பினார்கள். இங்கே இருக்கிற எத்தனையோ பேருடைய பாட்டன் பூட்டன் முதுகில் அந்தச் சொல் தழும்பாக இருந்திருக்கும். அப்படிப்பட்ட சொல்லைத்தான் தமிழ் வேதாகமம் ஆண்டவருடைய பணிக்கு வைத்தது. இயேசுவே தம்மைப் பற்றிச் சொன்னபோது, பணிவிடை வாங்க வரவில்லை, செய்ய வந்தேன் என்ற பொருளில்தான் சொன்னார். சொன்னபடி சீலையை இடுப்பில் கட்டிக்கொண்டு பன்னிரண்டு பேருடைய காலைக் கழுவினார். அழுக்கும் வியர்வையும் ஒட்டிய சொல் அது. அதைக் கழுவி, இஸ்திரி போட்டு, மேடைக்கு மட்டும் உரியதாக நாம் ஆக்கிவிட்டோம். இன்று ஊழியக்காரர் என்றால் பிரசங்கம் செய்கிறவர் ஒருவர்தான் நினைவுக்கு வருகிறார். தாசில்தார் அலுவலகத்தில் இருக்கிறவரை அரசு ஊழியர் என்கிறோமே, அங்கே மட்டும் அந்தச் சொல் வேலை என்ற பொருளோடு பிழைத்துக் கிடக்கிறது.

பிரசங்கத்தைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. பிரசங்கம் கேட்டு வளர்ந்தவன்தான் நானும். எனக்குச் சொல்ல இருப்பது வேறு. அன்பு வேண்டும் என்று எல்லாப் பிரசங்கத்திலும் கேட்கிறோம். அந்த அன்புக்கு வேலை தெரிந்திருக்க வேண்டும் என்பதை நாம் அவ்வளவாகக் கேட்பதில்லை. மனசு நிறைய இரக்கம் இருந்து, கை வேலை கற்காமல் இருந்தால், துன்பப்படுகிறவருக்கு அந்த இரக்கத்தால் ஆகிற பயன் கொஞ்சம்தான். சில நேரம் கெடுதலும்கூட.

வேலூர் மிஷன் மருத்துவமனையைப் பற்றி உங்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஐடா ஸ்கடர் அம்மையார் இளம்பெண்ணாகத் திண்டிவனத்தில் இருந்தபோது, ஒரே இரவில் மூன்று வீட்டார் வந்து கதவைத் தட்டியதும், பிரசவத்துக்கு ஆண் மருத்துவர் கூடாது என்று திரும்பிப் போனதும், விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்ததும் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கதை. அந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் அவர் அழுததோடும் ஜெபித்ததோடும் நிறுத்திவிடுகிறார்கள். அதற்குப் பிறகு அவர் அமெரிக்கா போய் மருத்துவம் படித்து, 1899இல் பட்டம் வாங்கி, 1900இல் திரும்பி வந்தார். இடையில் பல வருஷம். உடற்கூறும் பிரசவ முறையும் மருந்தின் அளவும் மனப்பாடம் செய்த வருஷங்கள். அந்த வருஷங்களைத்தான் நான் விசுவாசம் என்கிறேன். அழுகை ஓர் இரவில் முடிந்துவிட்டது.

இப்போது என் வேலைக்கு ஆதாரமாக இருந்தவரிடம் வருகிறேன்.

பால் பிராண்ட் ஆங்கிலேயர். ஆனால் பிறந்தது நம் கொல்லிமலையில், 1914இல். மருத்துவம் படிக்கப் போவதற்கு முன்னால் லண்டனில் சில வருஷம் கட்டட வேலை கற்றார். தச்சு வேலை, கொத்து வேலை. தகப்பனைப் போல மிஷன் ஊர்களில் வீடு கட்டிக் கொடுக்கலாம் என்பது அவர் எண்ணம். பின்னால் மருத்துவராகி 1946இல் வேலூருக்கு வந்தார். அடுத்த வருஷம் செங்கல்பட்டில் இருந்த தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போனார். அதைக் கவனித்துவந்தவர் ராபர்ட் காக்ரேன் என்ற பெரிய நிபுணர். பார்க்கிற இடமெல்லாம் கோழிக்கால் மாதிரி மடங்கிப்போன கைகள். இந்தக் கைகளுக்கு என்ன செய்கிறீர்கள் என்று பிராண்ட் கேட்டார். நான் தோல் பார்க்கிறவன், எலும்பும் தசையும் பார்க்கிறவர் நீங்கள்தானே, உங்கள் துறையில் இருந்து ஒருவர்கூட இந்த நோயாளிகளை எட்டிப் பார்க்கவில்லையே என்ற அர்த்தத்தில் காக்ரேன் பதில் சொன்னார்.

பிராண்ட் அங்கே ஒரு நோயாளியிடம் போய், அவருடைய மடங்கின கைக்குள் தன் கையை வைத்து, பலமாக அழுத்தச் சொன்னார். பிடியில் வலுவே இருக்காது என்று எதிர்பார்த்தார். ஆனால் இரும்புக் கிடுக்கி மாதிரி இறுகியது; மருத்துவருக்கு வலித்தது. அந்த வலியில்தான் எல்லாம் தொடங்கியது. கை முழுவதும் செத்துவிடவில்லை, முன்கைத் தசைகளில் பலம் அப்படியே இருக்கிறது என்று அந்த நொடியில் அவருக்குத் தெரிந்தது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். முழங்கையின் உள்பக்கம் எங்கேயாவது இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரைக்கும் 'சுரீர்' என்று ஓடுமே, அது அங்கே தோலுக்கு அடியில் ஓடுகிற ஒரு நரம்பு. தொழுநோய்க் கிருமிக்கு உடம்பில் குளிர்ச்சியான இடங்கள்தான் பிடிக்கும். தோலை ஒட்டி ஓடுகிற இடத்தில் அந்த நரம்பைப் பிடித்துக்கொள்ளும். நரம்பு கெட்டதும் உள்ளங்கையில் இருக்கிற சின்னத் தசைகள் வற்றிப்போகும், விரல்கள் மடங்கிக்கொள்ளும். முன்கையில் இருக்கிற பெரிய தசைகளுக்கோ ஒன்றும் ஆகியிருக்காது. அந்தப் பலமான தசை ஒன்றின் நாணை எடுத்து, வலுவிழந்த விரல்களுக்கு மாற்றித் தைப்பதுதான் தொழுநோயாளிகளுக்குப் பிராண்ட் கொண்டுவந்த அறுவைச் சிகிச்சை. 1948இல் தொடங்கினார்.

தைத்தால் மட்டும் கை நிமிர்ந்துவிடாது. மூன்று வாரம் மாவுக்கட்டு. அதற்குப் பிறகு நோயாளி எங்களிடம் வருவார். அந்த நாண் இத்தனை நாள் செய்த வேலை ஒன்று, இப்போது செய்ய வேண்டியது வேறொன்று. அதை மூளைக்குப் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். மேசை மேல் கையை வைத்து, "விரலை நேரா வச்சுக்கிட்டு அடியில மட்டும் மடக்குங்க" என்று ஒரு நாளைக்கு நூறு தரம் சொல்வேன். மூன்று நாள், நான்கு நாள் ஒன்றும் நடக்காது. ஐந்தாம் நாள் காலையில் ஒரு விரல் நூலளவு அசையும். அவர் என்னைப் பார்ப்பார், நான் அவரைப் பார்ப்பேன். அந்த நூலளவுக்காகவே நான் முப்பது வருஷம் அங்கே இருந்தேன் என்று சொன்னால் அது மிகையில்லை.

பிராண்ட் எழுதிவைத்த ஒரு விஷயம் என்னை இன்றும் உறுத்துகிறது. கை சரியாகி வீட்டுக்குப் போன சிலர் திரும்பி வந்தார்கள். இவை நல்ல கைகள், ஆனால் பிச்சைக்கு உதவாத கைகள் என்று சொன்னார்கள். மடங்கின கையைப் பார்த்துக் காசு போட்ட ஊர், நிமிர்ந்த கைக்குப் போடவில்லை. முகத்தில் நோயின் அடையாளம் இருந்ததால் வேலையும் கொடுக்கவில்லை. மருத்துவர் என்ன செய்தார் தெரியுமா? தான் பழைய நாளில் கற்ற தச்சு வேலையைக் கையில் எடுத்தார். வேலூரில் 'நியூ லைப் சென்டர்' என்று சில குடிசைகளும் ஒரு பட்டறையும் உண்டாயின. மரப் பொம்மைகள் செய்யக் கற்றுக்கொடுத்தார். லண்டனில் வீணாகப் போனது என்று நினைத்த வருஷங்கள் அங்கே வந்து பயன்பட்டன. கர்த்தர் கொடுத்த தாலந்து என்று நாம் பாட்டையும் பேச்சையும்தான் பெரும்பாலும் சொல்கிறோம். இழைப்புளி பிடிக்கத் தெரிந்ததும் தாலந்துதான்.

அந்தப் பட்டறை நாட்களில்தான் இன்னொன்றும் தெரிந்தது. துருப்பிடித்த பூட்டு ஒன்று. மருத்துவரால் சாவியைத் திருப்ப முடியவில்லை. பத்து வயது நோயாளிப் பையன் ஒருவன் வாங்கி ஒரே திருப்பில் திறந்துவிட்டான். பார்த்தால் கீழே ரத்தச் சொட்டு. சாவி அவன் விரலை எலும்பு தெரிய வெட்டியிருந்தது, அவனுக்குத் தெரியவில்லை. இன்னொரு நோயாளிக்கு இரவில் விரல் குறைந்துபோனது. விழித்திருந்து பார்த்தபோது, தூங்குகிறவன் கையை எலி கடித்துக்கொண்டிருந்தது. வலி இல்லாததால் அவன் விழிக்கவில்லை. தொழுநோயில் விரல் தானாக அழுகி விழுகிறது என்று உலகம் நம்பியிருந்தது. உண்மையில் வலி தெரியாமல் போகிறது. சூட்டிலும் வெட்டிலும் அழுத்தத்திலும் காயம் ஆகிறது. காயம் கவனிப்பாரில்லாமல் புரையோடுகிறது. பிராண்ட் நோயாளிகளுக்குப் பூனைக்குட்டிகள் கொடுத்தார். அதையும் நான் மருத்துவம் என்றுதான் சொல்வேன்.

காலுக்கு வருகிறேன், ஏனென்றால் என் நெஞ்சு இருப்பது அங்கே. உணர்ச்சி இல்லாத காலில் செருப்புக்குள் கிடக்கிற ஒரு சின்னக் கல் போதும், ஒரு நாள் நடையில் குழிப்புண் ஆகிவிடும். அதற்காக வேலூரிலும், 1955இல் உண்டான கரிகிரி மருத்துவமனையிலும் எத்தனையோ விதமான செருப்பு செய்து பார்த்தார்கள். கடைசியில் நின்றது எம்.சி.ஆர். என்ற நுண்துளை ரப்பர். அழுத்தினால் அமுங்கும், ஆனால் தட்டையாகிவிடாது. அடியில் தேய்ந்துபோகாத டயர் ரப்பர், குதிகாலுக்குப் பின்னால் ஒரு வார். ஆணி மட்டும் கூடவே கூடாது. ஆணி மேலே வந்தால் காலுக்குச் சொந்தக்காரருக்கே தெரியாது.

நான் இருந்த மருத்துவமனையில் செருப்புத் தைக்கிற ஒரு அண்ணாச்சி இருந்தார். பேச்சு குறைவு. தைத்து முடித்த செருப்பை உடனே கொடுக்க மாட்டார். கண்ணை மூடிக்கொண்டு ஆள்காட்டி விரலால் வாரின் உள்பக்கம் முழுக்கத் தடவிப் பார்ப்பார். எங்கேயாவது தையல் முடிச்சு தட்டுப்பட்டால் பிரித்துத் திரும்பத் தைப்பார். கண்ணை எதற்கு மூடுகிறீர்கள் என்று ஒரு தரம் கேட்டேன். "அவருக்குத் தெரியாதுல்ல. அதான் நான் தெரிஞ்சுக்கிடுதேன்" என்றார். வலி தெரியாத ஒரு காலுக்காகத் தன் விரலைக் கொடுத்த மனிதர். ஞாயிற்றுக்கிழமை கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுப் போவார். அவருடைய தொழிலைக் கேவலமாக நினைத்தவர்கள் அந்தச் சபையிலேயே முன்வரிசையில் இருந்தார்கள். நம் கல்லறைத் தோட்டங்களில் சில இடங்களில் இன்னும் நிற்கிற சாதிச் சுவரைப் பார்க்கும்போதெல்லாம் அவர் விரல்தான் எனக்கு ஞாபகம் வரும். அந்தச் சுவர்களை வைத்துக்கொண்டு நாம் எந்த வசனத்தையும் வாய்விட்டுச் சொல்லத் தகுதி இல்லாதவர்கள். இதை நான் வருத்தத்தோடு சொல்கிறேன், சொல்லாமல் இருக்க முடியவில்லை.

என் குறையையும் சொல்ல வேண்டும். சேர்ந்த முதல் மாதம், ஒவ்வொரு நோயாளியைத் தொட்ட பிறகும் உடனே போய்ச் சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் கழுவிவிட்டு வருவேன். மருந்து தொடங்கிக் கொஞ்ச நாளிலேயே அவர்களிடம் இருந்து பரவாது, நம்மில் பெரும்பாலோருக்கு இயற்கையிலேயே எதிர்ப்பு இருக்கிறது என்றெல்லாம் பாடத்தில் படித்தவன்தான் நான். படித்தது புத்திக்குப் போயிருந்தது, தோலுக்குப் போகவில்லை. ஒரு வயதான நோயாளி அதைக் கவனித்துக்கொண்டே இருந்தார். ஒரு நாள் நான் எழுந்ததும், "தம்பி, என்கிட்ட வாறதுக்கு முன்னால கழுவுங்க. புண்ணுக்கு அதான் நல்லது. பின்னால கழுவுறத நான் போனப்புறம் வச்சுக்கிடுங்க" என்றார். கோபம் இல்லை. சொல்லிக்கொடுக்கிற மாதிரிதான் சொன்னார். சுத்தத்துக்காகக் கழுவுவது வேறு, அருவருப்பில் கழுவுவது வேறு என்பதை அவர் கண்டுகொண்டிருந்தார். அன்றைக்கு இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. தொழுநோயாளியை இயேசு தொட்டார் என்று சுவிசேஷம் சொல்கிறதே, வார்த்தையாலேயே சுகமாக்க முடிந்தவர் எதற்குக் கையை நீட்டித் தொட வேண்டும் என்று அன்றைக்குத்தான் முதல் தரம் யோசித்தேன். பிராண்டுக்கும் அப்படி ஒன்று நடந்தது. சிகிச்சையை விளக்கும்போது இயல்பாக ஒரு நோயாளியின் தோளில் கை வைத்தார். அந்த மனிதர் தேம்பி அழுதார். என்ன தவறு செய்தேன் என்று மருத்துவர் பயந்துபோனார். இங்கே வருகிறவரைக்கும் பல வருஷமாக அவரை யாருமே தொட்டதில்லை, அதனால் அழுகிறார் என்று மொழிபெயர்த்த அம்மா சொன்னார்.

பிராண்டோடு சேர்ந்து நினைக்க வேண்டியவர் மேரி வர்கீஸ். கேரளத்துப் பெண், வேலூரில் மகப்பேறு மருத்துவராக ஆசைப்பட்டவர். 1954 ஜனவரியில் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. இனி நிற்க முடியாது. உட்கார்ந்தபடியே கை அறுவைச் சிகிச்சை செய்யலாமே என்று பிராண்ட் சொன்னார். கற்றார், சக்கர நாற்காலியில் இருந்தே தொழுநோயாளிகளின் கைகளைச் சரிசெய்தார். பிறகு வெளிநாடு போய் மறுவாழ்வு மருத்துவம் படித்து வந்து, வேலூரில் அதற்கென்றே ஒரு துறையை 1960களில் உண்டாக்கினார். முதுகெலும்பு முறிந்து அங்கே வந்தவர்களுக்கு முன்னால் வந்த மருத்துவரும் சக்கர நாற்காலியில் இருந்தார் என்பதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஆறுதல் சொல்ல அவருக்கு வாய் திறக்க வேண்டிய தேவையே இருந்திருக்காது.

பால் பிராண்டின் பெற்றோரைப் பற்றியும் ஒரு வார்த்தை. கொல்லிமலையில் அந்த நாளில் நரம்புச்சிலந்தி நோய் உண்டு. காலில் கொப்புளம் வெடித்து, நூல் மாதிரி நீளப் புழு வெளியே வரும். அவசரப்பட்டு இழுத்தால் அறுந்துபோகும். உள்ளே நின்ற துண்டு சீழ்பிடிக்கும். ஒரு குச்சியில் சுற்றி, தினம் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க வேண்டும். தகப்பன் ஜெஸ்ஸி பிராண்ட் அப்படிப் பொறுமையாகச் சுற்றி எடுத்தார். புழு உள்ள காலோடு கிணற்றில் இறங்கித் தண்ணீர் எடுப்பதால்தான் இது பரவுகிறது என்பதால், யாரும் இறங்க முடியாதபடி கிணற்றுக்குச் சுவரும் கட்டினார். 1929இல் காய்ச்சலில் இறந்துபோனார். அவர் பிரசங்கங்கள் யாருக்கு நினைவிருக்கிறதோ தெரியவில்லை. அந்தச் சுவரால் புழு இல்லாமல் வளர்ந்த பிள்ளைகள் இருந்தார்கள். மனைவி எவ்லின், வயதாகிவிட்டது என்று மிஷன் ஓய்வு கொடுத்த பிறகு, ஏறத்தாழ எழுபது வயதில் தானாகவே மலைக்குத் திரும்பிப் போனார். குதிரை மேலும் தடியூன்றியும் மலை மலையாகச் சுற்றினார். 1974இல் 95 வயதில் இறந்து, கணவருக்குப் பக்கத்தில் கொல்லிமலையிலேயே அடக்கமானார்.

நாங்கள் மருத்துவர்களும் இல்லை, மலைக்குப் போகப்போவதும் இல்லை, எங்களுக்கு என்ன சொல்கிறீர்கள் என்று நீங்கள் கேட்கலாம். கிணற்றுச் சுவரைத்தான் சொல்கிறேன். இந்தக் கூட்டத்தில் கட்டடக் குத்தகை எடுக்கிறவர்கள் இருக்கிறீர்கள். கலவையில் சிமென்ட்டைச் சரியான அளவில் போட்டுக் கட்டின பள்ளிக்கூடச் சுவர் உங்கள் சாட்சி. ஆசிரியர்கள் இருக்கிறீர்கள். நாலாம் வகுப்பில் ஒரு பிள்ளைக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க வரவில்லை என்றால், அது கண்ணில் குறையா, பசியா, வீட்டில் அடியா என்று கண்டுபிடிக்கிற பொறுமை உங்கள் சாட்சி. வீட்டில் பாத்திரம் கழுவ வருகிற அக்காவுக்கு ஒன்றாம் தேதி சம்பளம் கொடுக்கிறோமா, பண்டிகைக்கு நமக்கு விடுமுறை என்றால் அவருக்கும் விடுமுறைதானா, அவர் குடிக்கிற டம்ளர் தனியாக ஜன்னல் மேல் கவிழ்ந்து கிடக்கிறதா? இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் அக்கம்பக்கத்தார் நம் ஆண்டவரைப் பற்றி முடிவு செய்கிறார்கள். நாம் கொடுக்கிற துண்டுப் பிரசுரத்தை அவர்கள் அதற்கு அப்புறம்தான் வாசிக்கிறார்கள்.

இப்படிப்பட்ட சாட்சியை நான் முதலில் பார்த்தது வீட்டில்தான். எங்கள் அம்மா பெரிய ஜெபம் எல்லாம் செய்யத் தெரியாதவர். அடுப்படியில் ஒரு மண்கலயம் இருக்கும். உலை கொதித்ததும், அளந்து வைத்த அரிசியில் இருந்து ஒரு கைப்பிடி எடுத்து அந்தக் கலயத்தில் போட்டுவிட்டுத்தான் மீதியை உலையில் போடுவார். பிடியரிசி. திருநெல்வேலிச் சபைகளில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் கலயத்தின் சத்தம்கூட நினைவிருக்கும். மாசக் கடைசியில் அது கோயிலுக்குப் போகும், விற்ற பணம் ஊழியத்துக்குச் சேரும். 1903இல் திருநெல்வேலியில் நம்மவர்களே தொடங்கின இந்திய மிஷனரிச் சங்கம் போன்றவை இப்படிப்பட்ட எளிய வீடுகளின் காணிக்கையில்தான் வளர்ந்தன. நான் கவனித்த ஒன்றைச் சொல்கிறேன். அம்மா மூட்டையில் இருந்து எடுக்க மாட்டார். அளந்த அரிசியில் இருந்துதான் எடுப்பார். அதாவது அன்றைக்கு எங்கள் ஆறு பேர் சோற்றில் ஒரு பிடி குறையும். அது யார் தட்டில் குறைந்தது என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது.

சபைக்குள்ளேயும் ஒன்று பார்த்தேன். நான் போய்வந்த ஒரு சிறிய சபையில், நோய் முழுவதும் குணமான ஒருவர் இருந்தார். விரல்கள் குறைந்த கை. திருவிருந்து அன்றைக்கு எல்லாரும் போய் வந்த பிறகு, கடைசி ஆளாக அவர் எழுந்து போய்ப் பாத்திரத்தில் பருகுவார். யாரும் அவரைக் கடைசியில் வரச் சொன்னதில்லை, அவராகவே நின்றுகொண்டார். வேண்டாம் என்றும் யாரும் சொன்னதில்லை, நான் உட்பட. அந்தச் சபையில் ஒரு வயதான அம்மா இருந்தார். கண் சரியாகத் தெரியாது. ஒரு ஞாயிறு அவர் பெண்கள் வரிசையோடு எழுந்து போகவில்லை. உட்கார்ந்தே இருந்தார். குணமானவர் எழுந்ததும் தானும் எழுந்து, அவருக்குப் பின்னால் போய் முழங்கால் போட்டார். அவர் பருகின பாத்திரத்தில் அடுத்து இவர் பருகினார். அடுத்த மாதமும் அப்படியே. மூன்றாம் மாதம் அந்த அம்மாவுக்குப் பின்னால் இரண்டு பேர் நின்றார்கள். நான் அவர்களில் ஒருவன் என்பதில் எனக்குப் பெருமை இல்லை. மூன்றாம் மாதம் வரைக்கும் காத்திருந்தவன் நான். அந்த அம்மா இதைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை பேசினதில்லை. எங்கே நின்றால் சரியாகும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது, அங்கே போய் நின்றார்.

இன்று தொழுநோய்க்கு ஆறு மாதமோ ஒரு வருஷமோ மருந்து சாப்பிட்டால் போதும், மருந்து இலவசம். 1898இல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த தொழுநோயாளிச் சட்டம், பிடித்து அடைத்துவைக்கிற சட்டம், 2016இல்தான் நீக்கப்பட்டது. இதைவிட நம்மைக் கூச வைக்க வேண்டியது இன்னொன்று. கணவனுக்கோ மனைவிக்கோ தொழுநோய் என்றால் விவாகரத்து கேட்கலாம் என்று கிறிஸ்தவர்களுக்கான சட்டத்திலும் இருந்தது. மற்ற மதத்தாரின் சட்டங்களோடு சேர்த்து அதுவும் 2019இல்தான் நீங்கியது. அந்த வரியை எடுக்கச் சொல்லி முதலில் குரல் கொடுத்திருக்க வேண்டியவர்கள் நாம்.

வேலையில் இருந்த கடைசி வருஷங்களில், வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற பொறுப்பு எனக்கு. ஒரு மாலையில், வேலூருக்குத் தள்ளி ஒரு கிராமத்தில், பழைய நோயாளி ஒருவர் வீட்டுக்குப் போனேன். திண்ணையோடு ஒரு ஓட்டு வீடு. சுவரில் முருகன் படம். நான் போன நேரம் சாப்பாடு முடிந்திருந்தது. "இருங்க சார், இவரு காலைப் பாத்துட்டு வந்துடுறேன்" என்று அவர் மனைவி ஒரு குண்டானில் தண்ணீர் கொண்டுவந்தார். கணவருடைய காலைத் தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவைத்து, தடித்த தோலைக் கல்லால் மெதுவாகத் தேய்த்து, தேங்காய் எண்ணெய் தடவினார். பிறகு அந்தக் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, டார்ச் அடித்து, ஒவ்வொரு விரல் இடுக்காகப் பார்த்தார். இருபது வருஷத்துக்கு முன்னால் எங்கள் மருத்துவமனைத் திண்ணையில் நாங்கள் சொல்லிக்கொடுத்த முறை. ஒன்றுகூட விடவில்லை. எத்தனை நாளைக்கு ஒரு தரம் பார்ப்பீர்கள் என்று கேட்டேன். "தெனமும்தான் சார். அவருக்கு வலிச்சா அவரு சொல்லுவாரு. வலிக்காதே" என்றார்.

குதிகாலுக்குப் பக்கத்தில் ஓர் இடத்தில் டார்ச் நின்றது. கருவேல முள். முனை முறிந்து உள்ளே இருந்தது. கணவர் சுவரில் சாய்ந்து என்னோடு மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. அந்த அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு ஊசியால் முள்ளை எடுத்தார். எடுக்கும்போது அந்த அம்மாவின் முகம்தான் சுருங்கியது. துணியை நனைத்துத் துடைத்து, மருந்து வைத்துக் கட்டினார். பிறகு டார்ச்சை அணைத்துவிட்டு, எம்.சி.ஆர். செருப்பு இரண்டையும் கவிழ்த்துத் தட்டி, உள்ளே விரலை விட்டுத் தடவிப் பார்த்து, காலையில் அவர் கால் வைக்கிற இடத்தில் நேராக வைத்தார்.